போகும்போது ஒரு நாள், வரும்போது இரண்டு நாள்

1

ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன் அப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். வழக்கமாக அவரிடமிருந்து வருவது முருகன் படமும் காலை வணக்கமும்தான். இது வேறு. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நான் இருக்கும் கனடாவின் கால்கரி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், பறக்க எத்தனை மணி நேரம் என்று சொல்லும் ஏதோ ஓர் இணையதளத்தின் பக்கம். தூரம் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நேரம் பதினேழு மணி. கூடவே அப்பாவின் குரல்:

"ஏட்டி, பதினேழு மணி நேரம்னுல்லா போட்டிருக்கான்? நீ என்னமோ ரெண்டு நாளு ஆவும், ரெண்டு நாளு ஆவும்னு இத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கே?"

அப்பா ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். தென்காசி வட்டாரத்தில் அவர் வேலை பார்க்காத ஸ்டேஷன் இல்லை. 'அந்த நேரத்தில் நான் அச்சன்புதூரில் இருந்தேன்' என்று ஒருவன் சொன்னால், அவன் சொன்ன அதே பஸ்ஸில் தானே ஏறி, வாட்சைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கி, 'பொய் சொல்லுதான்' என்று முடிவு கட்டுகிற ஆள். அடிக்கடி ஊருக்கு வராததற்கு அவரிடம் போய் நான் தூரத்தைச் சாக்காகச் சொல்லியிருக்கிறேன். விடுவாரா?

விளக்கினேன். அந்தப் பக்கத்தில் இருப்பது உருண்டை மேல் நூலைப் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் திருவனந்தபுரத்தில் கிளம்பி நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு கால்கரியில் வந்து இறங்கும். அப்படிப் பறக்கிற விமானம் கிடையாது. நான் வளைகுடாவில் இறங்கி உட்கார்ந்து, டொராண்டோவில் இறங்கி உட்கார்ந்து, பிறகுதான் வர முடியும். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சரி, ஒத்துக்கிடுதேன். வரும்போது வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை வந்து சேருதே. போகும்போது மட்டும் வெள்ளிக்கிழமை கிளம்பி சனிக்கிழமை போய்ச் சேந்துருதியே, அது எப்படி?"

"அது டைம் வித்தியாசம்ப்பா. அங்க பதினொன்னரை மணி நேரம் பின்னால."

"எல்லாம் தெரியும்ட்டி. ஆனா கணக்கு என்ன சொல்லுது? இங்கேருந்து ஓடணும்னா ஒரு நாளு. இங்க வரணும்னா ரெண்டு நாளு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கிண்டல்தான். ஆனாலும் அன்று முழுக்க அது எனக்குள் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது.

2

கால்கரியில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. 'உங்கள் வீடு எவ்வளவு தூரம்?' என்றால் 'இருபது நிமிடம்' என்பார்கள். மலைக்குப் போக ஒன்றரை மணி. பக்கத்து ஊருக்கு மூன்று மணி. எனக்கும் அது பழகிவிட்டது. தென்காசிக்குப் போய் ஆட்டோக்காரரிடம் 'குத்துக்கல்வலசை எத்தனை நிமிஷம்?' என்று கேட்டபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்.

என் போனில் இரண்டு கடிகாரங்கள். மேலே கால்கரி, கீழே தென்காசி. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா இப்போது மாவாட்டுவாள் என்று நினைப்பேன். தென்காசியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இந்நேரம் யாழினி தூங்கியிருப்பாளா என்று நினைப்பேன். இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாத பிறவி நான். அம்மா சொல்வாள், 'கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ' என்று. சக்கரம் இருந்து என்ன, எந்தப் பக்கம் உருளுவது என்றுதான் தெரியவில்லை.

காகிதங்களுக்கும் அது தெரியவில்லை. போன வருடம் வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். என் பிறப்புச் சான்றிதழில் தென்காசி, திருநெல்வேலி மாவட்டம். இப்போது தென்காசியே ஒரு மாவட்டம். கணினியில் தென்காசியைத் தேர்ந்தெடுத்தால் திருநெல்வேலி வராது. திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தால் தென்காசி வராது. 'நீங்கள் பிறந்தது இரண்டில் எந்த ஊரில்?' என்று அந்த அலுவலகத்துப் பெண் மூன்று முறை போன் செய்து கேட்டாள். நான் நகரவில்லை அம்மா, மாவட்டம்தான் நகர்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

யாழினி என் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். அவளுக்கு ஹாலிஃபாக்ஸில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. நாட்டின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் ஹாலிஃபாக்ஸ். 'இங்கேயே நல்ல காலேஜ் இருக்கே' என்றேன். 'அங்கே கடல் இருக்கு' என்றாள். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு விமானம்.

அதே மாதத்தில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நான் ஊருக்குப் போய்விட்டு, சனிக்கிழமை மாலைக்குள் திரும்பிவிடுவது என்று திட்டம். 'நான் வந்துதான் உன்னை ஏற்றி அனுப்புவேன்' என்று யாழினியிடம் சொன்னேன். 'அப்பா இருக்கார்ல, நீ டென்ஷன் ஆகாதே' என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. பதினெட்டு வருடம் வளர்த்தவளை அனுப்பும்போது நான் அங்கே நிற்காவிட்டால் பிறகு எதற்கு நான்?

3

அம்மாவுக்குக் கண் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழையப் பார்த்தவளைத் தடுப்பதே எனக்கு வேலையாக இருந்தது. நான் கிளம்பும் நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு விமானம், மதியம் தென்காசியிலிருந்து கார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. திருவனந்தபுரம் இருப்பதோ மேற்கே.

"ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கிளம்பட்டும். வெள்ளிக்கிழமைக்கு வெல்லம்தான் பரிகாரம்" என்றாள் அம்மா.

"நூல் வடக்காமதானேப்பா போகுது? உங்க படத்துலயே இருக்கே" என்றேன் நான்.

"நூலு வடக்காம போகும். நீ புளியரை வழியா மேக்காமல்லா போறே?" என்றார் அப்பா.

திருடனைப் பிடிக்கப் போனபோது ஒரு நாளும் சூலம் பார்த்தவர் இல்லை. மகள் விஷயம் என்றால் மட்டும் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் கண்டுபிடித்த வழி பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முந்தைய நாளே நல்ல நேரம் பார்த்து, பயணப்படுகிறவரின் பொருள் ஒன்றைப் போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் போகும் வழியில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். வைத்த பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

நான் ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதைத் தொடவில்லை.

"சேலை போனா ஆளு போனதாகுமாட்டி? இந்தச் சேலை இல்லைன்னா உன்னை ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டானா? எது இல்லாம நீ போக முடியாதோ, அதுதான் நீ. பாஸ்போர்ட்ட எடு."

முப்பது வருடம் விசாரணை செய்தவரின் மூளை. வாதத்தில் ஓட்டை இல்லை. பாஸ்போர்ட், அட்டை, டிக்கெட் எல்லாம் இருந்த என் கைப்பையை வியாழக்கிழமை நல்ல நேரத்தில் அவரே கொண்டுபோய், தெருவின் மேற்குக் கோடியில் பேச்சியக்கா வீட்டு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார்.

4

பை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் நானும் அப்பாவும் போனால், பேச்சியக்கா வீடு பூட்டிக் கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "அருவியில ரெண்டு நாளா வெள்ளம்னு குளிக்க விடலைல்லா? இன்னைக்குக் காலையிலதான் தொறந்தாங்களாம். தங்கச்சி குடும்பத்தோட குத்தாலம் போயிருக்கா."

போன் செய்தேன். மணி அடிப்பது வீட்டுக்குள்ளிருந்தே கேட்டது. அருவிக்குப் போகிறவள் போனை எதற்குக் கொண்டு போவாள்? ஜன்னல் வழியாகப் பார்த்தால், நாற்காலியில் என் பை. அதன் பக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கும் அவள் போன்.

"பூட்டை உடைச்சிருவோம்ப்பா. புதுப் பூட்டு வாங்கிக் குடுத்துரலாம்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை! "பூட்டை உடைச்சவனையெல்லாம் உள்ள வச்சவன்ட்டி நான். வண்டியில ஏறு."

அவருடைய பழைய டிவிஎஸ்ஸில் குற்றாலம் போனோம். சாரல் முகத்தில் அடித்தது. எல்லோரும் எதற்காக ஏங்குவார்களோ அந்தச் சாரல் அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எந்த அருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். "பேச்சிக்கு முட்டுவலி. படி ஏறி எறங்க மாட்டா. மெயினருவிதான்" என்றார் தலையைத் திருப்பாமலே.

திருவிழாக் கூட்டம். எண்ணெய் தேய்த்த தலைகள், ஈரத் துண்டுகள், சிப்ஸ் வாசனை, முண்டா பனியன்கள். யார் மீதோ இடித்துவிட்டு 'சாரி, சாரி' என்று சொல்லிக்கொண்டே போனேன். ஓர் அம்மா திரும்பி, "இங்கன என்ன சாரி? இடிக்காமக் குளிக்கணும்னா வீட்டுல குளி" என்றாள். நியாயம்தான்.

அப்பா நேராகப் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குப் போனார். மைக் முன்னால் ஒரு பெண் காவலர் இருந்தார். அப்பா தான் யார் என்று சொல்லி, பேச்சியக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்.

"ஐயா, காணாமப் போன புள்ளைங்களை மட்டும்தான் மைக்ல கூப்பிடச் சொல்லியிருக்காங்க. மத்தவங்களுக்குக் கூப்பிட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க."

"இதுவும் புள்ளை காரியம்தாம்மா" என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது. அதிகாரமாகப் பேசித்தான் அவரை எனக்குத் தெரியும். "இவ மக நாளன்னைக்குத் தூர தேசத்துக்குப் படிக்கப் போறா. இவ போய் நின்னு அனுப்பணும். இன்னைக்குப் ப்ளேனை விட்டா முடியாது."

"அங்க வேற யாராவது..."

"இவ அப்பாவா அனுப்ப முடியாமப் போனவன்மா நான். இவ கல்யாணமாகி வெளிநாடு போன அன்னைக்கு எனக்கு ராயகிரி பக்கம் கோயில் கொடை பந்தோபஸ்து. லீவு கேட்டேன், தரலை. டூட்டி மாத்தி விட்டுட்டு ஓடி வாறதுக்குள்ள கார் போயிட்டு. நான் பாக்கலை. எம் புள்ளை போறத நான் பாக்கலை. அந்த வருத்தம் இவளுக்கும் வேண்டாம், பாத்துக்கோ."

நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இந்த வார்த்தைகளை இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது 'அப்பாவுக்கு டூட்டி' என்ற இரண்டே சொற்களில் முடிந்துபோன விஷயம். டூட்டி அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது என்றே நான் நம்பியிருந்தேன். வராமல் இருந்தார் என்று நினைத்தேன். ஓடி வந்தும் தவறவிட்டார் என்று தெரியாது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இல்லை.

பெண் காவலர் மைக்கை எடுத்தார். 'தென்காசி பேச்சியம்மாள் எங்கிருந்தாலும்' என்று மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அருவிக்குள் தலையைக் கொடுத்தவளுக்கு மைக்காவது ஒன்றாவது.

போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு, விமானத்துக்கென்று போட்டிருந்த சுடிதாரோடு பெண்கள் பக்கம் இறங்கினேன். தண்ணீர் முதுகில் மொத்து மொத்தென்று விழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருத்தியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன், அது வேறு யாரோ. இன்னும் இரண்டு பேர். கடைசியில் பாறையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்ற பேச்சியக்காவைப் பார்த்துவிட்டேன். கைக்கெட்டும் தூரம்தான். கத்தினேன், எனக்கே என் சத்தம் கேட்கவில்லை. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "ஏட்டி செல்வி! நீயும் வந்துட்டியா? தலையைக் குடு, தலையைக் குடு!" என்று என் பின்கழுத்தைப் பிடித்து அருவிக்குள் ஓர் அமுக்கு அமுக்கினாள்.

மூச்சுத் திணறி வெளியே இழுத்துவந்து விஷயத்தைச் சொன்னேன். "அய்யய்யோ, நீ சாயங்காலமாத்தான் போவேன்னுல்லா நினைச்சேன்! சவம் பிடிச்ச மறதி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தாலிக்கொடியில் ஊக்கோடு கோத்திருந்த சாவியைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

மேலே வந்தபோது அப்பா என் போனைக் காதில் வைத்திருந்தார். யாழினி கூப்பிட்டிருக்கிறாள்.

"உங்கம்மா அருவிக்குள்ள நிக்கா. வந்துருவா. நீ தூங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "சிரிக்காட்டி உம் மக. 'தாத்தா, நீ சாப்பிட்டியா?'ன்னு கேக்கா" என்றார். யாழினிக்கு மரியாதைப் பன்மை வராது. ஊரில் வேறு யாரும் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. அவருக்கு அது பெருமை.

5

மதியம் கார் வந்தது. பேச்சியக்கா வீட்டில் பையை எடுக்க அப்பாவும் கூடவே நடந்து வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாரலில் நனைந்த வேட்டி இன்னும் சரியாகக் காயவில்லை.

"நீங்க எங்க? உங்களுக்குச் சூலம் இல்லையா?" என்று தெருவிலிருந்தே அம்மா கத்தினாள்.

"ஒரு துண்டு வெல்லம் இருந்தா குடு" என்றார் அப்பா.

செங்கோட்டை தாண்டி மலை ஏறியதும், அப்பா ஓடையையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, அவுட்போஸ்ட்டில் சொன்னதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். டிரைவர் இருந்தார். அதுவும் ஒரு சாக்கு.

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'போங்கப்பா, இருட்டுறதுக்குள்ள மலை தாண்டணும்' என்று கையால் காட்டினேன். அவர் அசையவில்லை. சோதனைக்குப் போகும் திருப்பம் வரை நடந்து, திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தார்.

6

சனிக்கிழமை மாலை கால்கரியில் இறங்கினேன். ஞாயிறு காலை யாழினியை அனுப்பினேன். காரில் அவள் அப்பா அறிவுரை சொன்னார், அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டினாள். உள்ளே போகும் வரிசையில் என்னைக் கட்டிக்கொண்டு, 'அம்மா, உன் தலையில என்னமோ வாசனை' என்றாள். அருவித் தண்ணீரோ, யாரோ தேய்த்த எண்ணெயோ. அவ்வளவுதான், போய்விட்டாள். அழுகையெல்லாம் அவளுக்கு இல்லை. ஒரு பெருஞ்சுமை இறங்கினதுபோல அவள் நடந்ததைப் பார்க்க எனக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டேன்ப்பா."

"நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

"எப்படிப் போனா, என்ன போட்டிருந்தா, எல்லாத்தையும் சொல்லு. முதல்லேருந்து."

வாக்குமூலம் வாங்குகிறவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டியை எந்தக் கையில் இழுத்தாள்? செருப்பா, ஷூவா? வரிசையில் முன்னால் யார் நின்றார்கள்? நான் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் கேட்பது யாழினி போனதை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"திரும்பிப் பாத்தாளா?"

"ஒரு தடவை பாத்தாப்பா. அந்தக் கடைசித் திருப்பத்துல."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அன்னைக்கு... நீ திரும்பிப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்ப்பா. புளியரை செக்போஸ்ட் வரைக்கும் பாத்துக்கிட்டேதான் போனேன். காக்கிச்சட்டை போட்ட யாரைப் பாத்தாலும் நீங்கதானோன்னு பாத்தேன்."

"உங்கம்மாகிட்டப் பேசு" என்று சொல்லி, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டார்.